எஸ்தருக்கு நான் சொல்லிக்கொடுத்த மூன்று வாக்கியங்கள்

இருபத்தோரு வருடம் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தேன். விழுப்புரத்தில் ஒன்பது வருடம், திண்டிவனத்தில் பன்னிரண்டு. இத்தனை காலத்தில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு மனிதரோடு நான் நேரில் பேசியது மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். குயிலாப்பாளையம் போகும் சாலையில் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அவர். பஞ்சர் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். நான் கிழக்கே கை காட்டினேன். அவர் மேற்கே போனார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளை ஆங்கிலத் தேர்வுக்குத் தயார் செய்கிற தொழிலுக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். நான் ஐம்பத்து மூன்று வயதில் அதிலிருந்து ஓய்வு பெற்றவன். நம் தொழிலில் ஓய்வு வயது என்று ஒன்றை யாரும் எழுதி வைக்கவில்லை. வகுப்புக்குள் நுழைவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டே இன்னும் ஐந்து நிமிடம் வெளியே நிற்கலாமே என்று தோன்றும். அந்த ஐந்து நிமிடம் ஒரு மணி நேரமாக நீளும் நாளில் ஓய்வு பெற்றுவிட வேண்டும். பாடத்திட்டம், மதிப்பெண் முறை, மாதிரித் தேர்வு எல்லாவற்றையும் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது என் தவறுகளை. இந்த ஒரு பாடத்தில் மட்டும் எனக்குப் போதுமான தகுதி இருக்கிறது.

என் முதல் முதலாளி விழுப்புரத்துக்காரர். அதற்கு முன் தட்டச்சுப் பயிற்சி நிலையம் வைத்திருந்தவர். தட்டச்சு செத்ததும் அதே மேசைகளை நகர்த்திப் போட்டு ஆங்கிலம் ஆரம்பித்தார். அவருக்கு ஆங்கிலம் பேச வராது. அது ஒரு குறை என்று அவருக்கோ எங்களுக்கோ கடைசிவரை தோன்றவில்லை. நான் சேர்ந்த முதல் நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தொழிலின் சாரத்தைச் சொன்னார்.

"சார், நீங்க எம்.ஏ. படிச்சவரு. புக்கெல்லாம் நெறைய படிக்கிறீங்கன்னு சொன்னாங்க. சந்தோசம். ஆனா அதெல்லாம் இங்க எறக்காதீங்க. பையன் உள்ள போயி குந்துனா பேசிக்கினே இருக்கணும். நின்னான்னா மார்க்கு போச்சு. அவங்க கேக்குறது புரியுதோ புரியலையோ, சிரிச்சிக்கினே 'யெஸ்'னு சொல்லிட்டு ஜல்தியா ஆரம்பிச்சிடணும். அவ்ளோதான் சார் இங்கிலீஷு."

எனக்கு அருவருப்பாக இருந்தது. மொழி என்றால் என்ன, ஒரு நாகரிகத்தின் மூச்சு என்றெல்லாம் நம்பிக்கொண்டிருந்த வயது. மூன்று மாதம் நான் என் வழியில் கற்பித்தேன். என் வகுப்பில் ஒருவரும் தேறவில்லை. நான்காவது மாதம் முதலாளி சொன்னதைக் கையில் எடுத்துக்கொண்டேன். படித்தவன் அல்லவா, அவர் வாய்மொழியாகச் சொன்னதை ஒரு முறையாகவே ஆக்கினேன். இருபத்து நான்கு பத்திகள் எழுதினேன். என் ஊர், என் நண்பன், நான் போன பயணம், என்னைக் கவர்ந்த மனிதர் என்று எந்தக் கேள்வி வந்தாலும் இந்த இருபத்து நான்கில் ஒன்றுக்குள் அதைத் தள்ளிவிட்டுப் பேசலாம். 'என் ஊர்' பத்தியில் ஓர் அழகான ஆறு ஓடியது. ஆறே இல்லாத ஊர்ப் பிள்ளைகளும் அந்த ஆற்றில் நீந்தித்தான் வளர்ந்தார்கள்.

'என்னைக் கவர்ந்த மனிதர்' பத்திக்கு ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியரைக் கற்பனையாகப் படைத்திருந்தேன். மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்து பாடம் நடத்துவார். ஒரு தடவை எங்கள் மாணவர்கள் ஏழு பேர் ஒரே நாளில் சென்னையில் பேச்சுத் தேர்வுக்குப் போனார்கள். ஏழு பேரையும் அந்தத் தலைமையாசிரியரே கவர்ந்திருந்தார். ஆறாவது பையன் கண்ணீர் வரவழைப்பதற்காக அவர் போன வருடம் இறந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறான். ஏழாவது பையன் அவரை நேற்றுக்கூடச் சந்தித்ததாகச் சொல்லிவிட்டான். தேர்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அவர் நலமாக இருப்பது கேட்டு மகிழ்ச்சி" என்றாராம். ஏழு பேரும் தேறிவிட்டார்கள். நாங்கள் கேக் வெட்டினோம்.

சிரித்துவிட்டீர்களா? நாங்களும் அப்படித்தான் சிரித்தோம். பல வருடம் சிரித்தோம்.

எனக்கு மனசாட்சி இல்லாமல் இல்லை. அது வருடத்துக்கு ஒரு முறை வரும். அப்படி வந்த ஒரு முறைதான் மாணவர்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு குயிலாப்பாளையம் போனேன். ஆரோவில்லுக்குப் பக்கத்து ஊர். தெருவுக்கு நாலு வெள்ளைக்காரர்கள் நடமாடுவார்கள். நிஜமான மனிதர்களோடு நிஜமான ஆங்கிலம் பேசிப் பழகட்டும் என்பது திட்டம். எங்கள் பையன் ஒருவன் தைரியமாகப் போய் ஒரு டீக்கடை வாசலில் நின்ற வெள்ளைக்கார அம்மாளிடம், தங்களுடைய பொன்னான நேரத்தில் சில நிமிடங்களைப் பெற்றுக்கொள்ளலாமா என்று என் நடையில் கேட்டான். அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா தம்பி, நல்லாத்தான பேசுவ? தமிழ்லயே கேளேன்" என்றாள்.

அவள் பிரான்சுக்காரி. இருபது வருடமாக அங்கே இருக்கிறாளாம். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையின் விலையிலிருந்து பஞ்சாயத்து அரசியல் வரை சுத்தமான தமிழில் அரை மணி நேரம் பேசினாள். பிள்ளைகளுக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று. திரும்பி வரும்போது வேனில் நான் கேட்டேன்: "இந்த அம்மா எப்படி தமிழ் கத்துக்கிட்டாங்கன்னு யாராவது கேட்டீங்களா?"

ஒருவன் கேட்டிருந்தான். அவள் சொன்ன பதில்: "புரியலன்னா உடனே புரியலன்னு சொல்லிடுவேன். கடக்காரன் திட்டிக்கினே திரும்பச் சொல்லுவான்."

இருபத்தோரு வருடத்தில் என் காதில் விழுந்த ஒரே உருப்படியான கற்பித்தல் முறை அதுதான். ஒரு டீக்கடை வாசலில் இலவசமாகக் கிடைத்தது. திண்டிவனம் வந்து சேர்வதற்குள் மறந்துவிட்டேன்.

நம் ஊர் வகுப்பறைகளில் ஒரு வழக்கம் உண்டு. நீங்களும் அதில் வளர்ந்தவர்கள்தான். வாத்தியார் பாடம் முடித்ததும் "புரிஞ்சுதா?" என்பார். மொத்த வகுப்பும் ஒரே குரலில் "புரிஞ்சுது சார்" என்று இழுக்கும். அது கேள்வியும் அல்ல, பதிலும் அல்ல. மணி அடிப்பது மாதிரி ஒரு சடங்கு. அந்தச் சமயத்தில் "புரியல சார்" என்று ஒருவன் சொன்னால் அது பாடத்தைப் பற்றிய தகவலாகக் கருதப்படாது. திமிர் என்று கருதப்படும். நிலம் வைத்து விவசாயம் பார்க்கிற வீட்டுப் பிள்ளையாவது எப்போதாவது கேட்டுவிடும். அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பங்களிலிருந்து வருகிற பிள்ளைகள் கேட்கவே கேட்காது. எதிரே நிற்கிறவர் சொல்லி முடித்ததும் தலையாட்ட வேண்டும் என்பது அவர்கள் வீட்டில் பள்ளிக்கு முன்னாலேயே படித்த பாடம். நான் செய்ததெல்லாம் அந்தத் தலையாட்டலுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் கண்டுபிடித்துக் கொடுத்ததுதான்.

எஸ்தர் திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் பக்கத்துப் பெண். அவள் அப்பா ஆரோக்கியம் கல் குவாரியில் வேலை பார்க்கிறார். செவிலியர் பட்டயம் முடித்துவிட்டு, இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து என்னிடம் வந்தாள். என் வாழ்நாளில் அவளைப் போல மனப்பாடம் செய்யும் பெண்ணைப் பார்த்ததில்லை. இருபத்து நான்கு பத்திகளையும் பத்து நாளில் முடித்துவிட்டு, "வேற இருக்குதா சார்?" என்று வந்து நின்றாள்.

கேட்டுப் புரிந்துகொள்ளும் தேர்வு ஒன்று உண்டல்லவா? அதற்கும் என்னிடம் உத்தி இருந்தது. கேள்வித்தாளை முன்கூட்டியே வேகமாகப் படித்து, எந்த இடத்தில் எண் வரும், எந்த இடத்தில் பெயர் வரும் என்று ஊகித்துக் காத்திருப்பது. பேசுகிறவர் என்ன சொல்கிறார் என்று கேட்கவே வேண்டாம். காத்திருக்கும் சொல் வந்ததும் பிடித்துக்கொண்டால் போதும். காது கேட்காதவர்கூட ஒன்பதுக்கு ஆறு வாங்கலாம் என்று நானே வகுப்பில் பெருமையடித்திருக்கிறேன். எஸ்தர் ஏழரை வாங்கினாள். எங்கள் நிலையத்தின் வாசலில் அவள் படம் போட்ட பேனர் கட்டினோம்.

செப்டம்பரில் போனாள். முதல் மாதம் நிறையப் படங்கள் அனுப்பினாள். இரண்டாவது மாதம் குறைந்தது. மூன்றாவது மாதம் நான் "எப்படி இருக்கேம்மா?" என்று அனுப்பியதற்குக் கட்டை விரலை உயர்த்திய ஒரு பொம்மை மட்டும் வந்தது. நன்றாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்படி எடுத்துக்கொள்ளத்தான் வசதியாக இருந்தது.

ஜனவரியில் ஒரு நாள் மதியம் இரண்டரை மணி இருக்கும். அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். எஸ்தர் வாட்ஸப்பில் கூப்பிட்டாள். அங்கே அப்போது காலை ஒன்பது மணி.

"சார், ஒம்பதரைக்கு என்னை விசாரிக்கக் கூப்டுக்கிறாங்க. காலேஜ்லேருந்து ரெண்டு மேடம் வந்துக்கிறாங்க. நான் இன்னா சொல்லட்டும் சார்?"

"என்னம்மா ஆச்சு? நிதானமா சொல்லு."

அவளுடைய படிப்பின் ஒரு பகுதியாக ஒரு முதியோர் இல்லத்தில் வேலைப் பயிற்சி. அங்கே ஒரு வயதான அம்மாளுக்கு விழுங்குவதில் சிக்கல் வந்திருக்கிறது. கெட்டியாகக் கலக்கிக் கொடுக்கும் பானத்தைத் தவிர வேறெதுவும் வாயில் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். முந்தின நாள் காலையில் பொறுப்பை ஒப்படைத்த நர்ஸ் அதை எஸ்தரிடம் சொல்லிவிட்டு, புரிந்ததா என்று கேட்டிருக்கிறாள். எஸ்தர் சிரித்துக்கொண்டே "யெஸ்" என்றிருக்கிறாள். பதினோரு மணிக்கு அந்த அம்மாள் பக்கத்துப் படுக்கையில் டீ குடித்துக்கொண்டிருந்தவரைக் காட்டித் தனக்கும் டீ வேண்டும் என்று கையால் கேட்டிருக்கிறாள். எஸ்தர் டீயும் ஒரு பிஸ்கட்டும் கொடுத்தாள். புரையேறி, மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது.

"எனக்கு அந்த நர்ஸு பேசினது ஒண்ணுமே புரியல சார்" என்றாள். "அவங்க மட்டும் இல்ல சார். நாலு மாசமா யாரு பேசினாலும் எனக்குப் பாதிகூட புரியல. கிளாஸ்லயும் புரியல, கடையிலயும் புரியல. எல்லாத்துக்கும் யெஸ்ஸு, ஷ்யூருன்னு சொல்லிக்கினு இருக்கேன். பயமா இருக்குது சார். உண்மைய சொல்லிடட்டுமா? புரியலன்னு சொல்லிடட்டுமா?"

இந்த இடத்தில் நீங்கள் சற்று நிற்க வேண்டும். நான் நிற்கவில்லை.

அரை மணி நேரம் இருந்தது. அந்த அரை மணி நேரத்தில் என் மூளை வேலை செய்த வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது. நல்ல காரியம் எதற்கும் அது அத்தனை வேகமாக ஓடியதில்லை. புரியவில்லை என்று இவள் சொன்னால் சான்றிதழில் உள்ள ஏழரை எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். எங்கே படித்தாய் என்று கேட்பார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பேனரில் எஸ்தர் சிரித்துக்கொண்டிருந்தாள். நேர்மாறாக, புரிந்தது, ஆனால் மறந்துவிட்டேன் என்று சொன்னால்? மறதி எல்லாருக்கும் உண்டு. மறதியை மன்னிப்பார்கள். புதுப் பெண், முதல் தவறு, ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள்.

திண்டிவனம் நிலையத்தின் உரிமையாளரைக் கேட்டுத்தான் சொன்னேன் என்று உங்களிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. கேட்கவில்லை. அவளுடைய நல்லதுக்காகத்தான் யோசித்தேன் என்று சொல்லவும் ஆசைதான். அப்போது அப்படித்தான் நம்பினேன். ஆனால் என் யோசனையின் முதல் வரியில் அந்தச் சான்றிதழ்தான் இருந்தது. அவள் இரண்டாவது வரியில் வந்தாள். டீ குடித்த அம்மாள் எந்த வரியிலும் வரவில்லை.

"புரியலன்னு மட்டும் சொல்லிடாத" என்றேன். "சர்ட்டிபிகேட்டே பொய்யின்னு ஆயிடும். நான் மூணு வாக்கியம் சொல்றேன். அத மட்டும் சொல்லு. வேற ஒரு வார்த்த பேசாத."

அந்த மூன்று இவை: நர்ஸ் சொன்னது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. வேலை நெருக்கடியில் மறந்துவிட்டேன். இதற்காக மிகவும் வருந்துகிறேன். இவ்வளவுதான். இதை நல்ல ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தேன். மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். இரண்டாவது வாக்கியத்தில் அவள் ஓர் இடத்தில் அழுத்தம் தவறாகக் கொடுத்தாள். அதைத் திருத்தினேன். உட்கார்ந்திருந்த பிள்ளைகள் நான் ஏதோ தொலைதூர வகுப்பு எடுக்கிறேன் என்று மரியாதையோடு அமைதியாக இருந்தார்கள். மூன்றாம் முறை அவள் சொன்னது அச்சுக் குத்தியது போல வந்தது.

"குட்" என்றேன்.

மாலை ஐந்து மணிக்கு மறுபடி கூப்பிட்டாள்.

"சொல்லிட்டேன் சார்."

"என்ன சொன்னாங்க?"

"ஒரு மேடம் எழுதிக்கினே இருந்தாங்க. இன்னொரு மேடம் ரெண்டு தடவ கேட்டாங்க சார், நெஜமாவே புரிஞ்சுதான்னு. ரெண்டாவது தடவ ரொம்ப மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா கேட்டாங்க. 'புரியலன்னா பரவால்ல, சொல்லலாம், அதுல தப்பு ஒண்ணும் இல்ல'ன்னு சொன்னாங்க. இங்க வந்து நாலு மாசத்துல அந்த ஒண்ணுதான் சார் எனக்கு முழுசா புரிஞ்சுது."

"நீ என்ன சொன்னே?"

"நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் சார்."

அவளே மறுபடி கேட்டாள். "சரியாத்தான சொன்னேன் சார்?"

"சரியாத்தான் சொல்லியிருக்க" என்றேன். "ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு."

இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துத் தர வேண்டுமானால் எளிதில் தரலாம். முதல் நாள் முதல் மணி நேரத்தில் பிள்ளைகளுக்குப் 'புரியவில்லை' என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். தயவுசெய்து மெதுவாகச் சொல்லுங்கள், இன்னொரு முறை சொல்லுங்கள், எழுதிக் காட்டுங்கள், நான் கேட்டது சரிதானா என்று பாருங்கள் என்று நாலு விதமாகக் கேட்கப் பழக்குங்கள். அந்நிய ஊருக்குப் போகிற பிள்ளைக்கு இருபத்து நான்கு பத்திகளைவிட இந்த நாலு வரிதான் சோறு போடும். எல்லாம் சரி. ஆனால் நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்றும் எனக்குத் தெரியும். 'எங்களிடம் படித்தால் புரியவில்லை என்று சொல்லக் கற்றுக்கொள்ளலாம்' என்று திண்டிவனம் பேருந்து நிலையத்தில் பேனர் கட்டினால் யார் வந்து சேர்வார்கள்? நான் போன பிறகும் என் இருபத்து நான்கு பத்திகள் அங்கே நகல் எடுக்கப்படுகின்றன. ஆற்றை மட்டும் எடுத்துவிட்டு ஏரி போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஆரோக்கியம் நிலையத்துக்கு வந்தார். குவாரியிலிருந்து நேராக வந்திருந்தார். முடி, புருவம், சட்டை எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

"வாங்க, உக்காருங்க" என்றேன்.

"இல்லங்க சார், துணியெல்லாம் தூசி. நிக்கிறேன்." மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதற்குள் இரண்டு தாள்கள். "பாப்பா போன்ல அனுப்பிச்சுது சார். கடையில குடுத்து காகிதத்துல எடுத்தாந்தேன். இன்னான்னு கேட்டா அழுவுது. 'சார்கிட்ட காட்டுப்பா'ன்னு சொல்லுது. நமக்கு இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தருதானே."

கல்லூரியிலிருந்து வந்த முடிவுக் கடிதம். நான் உரக்கப் படித்தேன். ஒவ்வொரு பத்தியாக ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் சொன்னேன். பயிற்சியில் நடந்த தவறு தீவிரமானது. ஆகையால் பயிற்சி ரத்து. பயிற்சி இல்லாமல் படிப்பைத் தொடர முடியாது. படிப்பு இல்லையென்றால் விசா இல்லை. இன்ன தேதிக்குள் நாட்டை விட்டுப் புறப்பட வேண்டும்.

ஆரோக்கியம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

இரண்டாவது தாளின் நடுவில் ஒரு பத்தி இருந்தது. அந்நிய நாட்டிலிருந்து வரும் மாணவர்களுக்கு மொழி புரியாமல் இப்படி நேர்வது புதிதல்ல. அப்படி நேரும்போது அதை மாணவரின் குற்றமாகக் கல்லூரி கொள்வதில்லை. ஆறு மாதம் மொழிப் பயிற்சி கொடுத்து மறுபடி வாய்ப்பளிப்பது வழக்கம். ஆனால் இந்த மாணவி தனக்கு அறிவுறுத்தல் தெளிவாகப் புரிந்தது என்று, இரண்டு முறை கேட்டும், உறுதியாகச் சொல்லிவிட்டார். எனவே அந்த வழியைப் பரிசீலிக்க இயலவில்லை.

அந்தப் பத்தியையும் உரக்கத்தான் படித்தேன், ஆங்கிலத்தில். உச்சரிப்பில் குறை இல்லை. ஆரோக்கியம் அதற்கும் தலையாட்டினார். படித்து முடித்துத் தமிழில் சொல்ல வேண்டிய இடத்தில் அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

நெருக்கடியில் எடுத்த முடிவுகளைப் பற்றித்தானே மூத்தவர்கள் உங்களுக்கு எழுத வேண்டும்? அந்த அரை மணி நேரத்தில் எடுத்தது முதல் முடிவு. இது இரண்டாவது. இதற்கு அரை விநாடிகூட ஆகவில்லை.

"அவ்ளோதானா சார்?"

"அவ்ளோதாங்க."

அவர் தாள்களை வாங்கவில்லை. "எம் பொண்ணு நல்லாத்தான் படிச்சிது சார்" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை. எனக்கு ஆறுதல் சொல்வது போல இருந்தது. "உங்க மேல ஒண்ணும் இல்ல சார். நீங்க உங்களால ஆனத செஞ்சீங்க."

நான் மேசை மேல் இருந்த பேனாவை நேராக வைத்தேன்.

எஸ்தர் பிப்ரவரியில் திரும்பி வந்தாள். இப்போது விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்கு இந்தப் பக்கம், பேருந்துகள் நிற்கிற ஒரு ஓட்டலில் பில் போடுகிறாள். ஒரு முறை விழுப்புரம் போகும்போது பேருந்தை அங்கே நிறுத்தினார்கள். அவள் உள்ளே இருப்பது தெரிந்து நான் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்தியை அவள் படித்திருப்பாள். அகராதி வைத்துக்கொண்டாவது படித்திருப்பாள். மனப்பாடமே ஆகியிருக்கும். யார் அப்படிச் சொல்லச் சொன்னது என்று அவள் வீட்டிலோ ஊரிலோ ஒருவருக்கும் தெரியாது. அவள் சொல்லவில்லை. அதை நான் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ள முயன்றிருக்கிறேன். இன்னொருவர் மேல் குறை சொல்ல அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான் உண்மையாக இருக்க வேண்டும்.

ஆனால் அன்றைக்கு ஆரோக்கியம் உடனே போய்விடவில்லை. வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா?"

அந்தப் பத்தியைத்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். நீளமாகப் படித்தேனே, தமிழில் ஒன்றும் சொல்லவில்லையே என்று கணக்குப் போட்டிருப்பார்.

"அந்தக் காகிதத்துல அந்தப் பாட்டியம்மா எப்டி இருக்குதுன்னு எதனா போட்டுக்கிறாங்களா சார்?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "எந்தப் பாட்டியம்மா?"

"பாப்பா டீ குடுத்துச்சே சார், அவங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனாங்களாமே. பொழச்சிக்கிச்சா? பாப்பாகிட்ட கேட்டா, 'தெரியல, கேக்க பயமா இருக்குது'ன்னு சொல்லுது. எங்க வூட்ல தெனமும் அந்தம்மாவுக்காக ஜெபம் பண்ணிக்கினுதான் இருக்கோம். உயிரோட இருக்குதா இல்லையான்னு தெரியாமலே பண்றோம்."

இரண்டு தாள்களையும் மறுபடி எடுத்தேன். முதலிலிருந்து கடைசி வரை தேடினேன். ஒரு வரிகூட விடாமல் தேடினேன். அதில் அது இல்லை.

"போடலைங்க" என்றேன்.

"நீங்களே ஒரு லெட்டரு போட்டுக் கேளுங்க சார். இங்கிலீஷ்லதானே கேக்கணும்? எங்க யாருக்கும் வராது. எப்டி இருக்குதுன்னு மட்டும் கேளுங்க. எஸ்தரோட அப்பா கேட்டாருன்னு போடுங்க."

"கேக்கறேங்க" என்றேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் நின்ற இடத்தில் தரையில் கல் தூசி கொஞ்சம் கிடந்தது. அடுத்த வகுப்புப் பிள்ளைகள் அதை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

எட்டு மாதம் ஆகிறது. நாலு வரி போதும். முகவரி கடிதத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. அதைவிடக் கடினமான கடிதங்களை நூற்றுக்கணக்கில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், மற்றவர்களுக்காக. உட்காரும்போதெல்லாம் முதல் வரியிலேயே நிற்கிறேன். எஸ்தருக்கு நான் யார் என்று அந்த வரியில் எழுத வேண்டும்.